காரில் வந்து ரேஷன் அரிசி வாங்கினால் உங்களுக்கு என்ன?

அந்த ஃபோட்டோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. இங்கே மறுபடி போட மாட்டேன். ஒரு அம்மா ரேஷன் கடை வாசல்ல அரிசிப் பையை கார் டிக்கியில ஏத்துறாங்க. மேலே "இவங்கதான் நம்ம ஊர் ஏழைங்க"ன்னு கேப்ஷன், கண்ணுல தண்ணி வர சிரிக்கிற பொம்மை. நல்லவங்கன்னு நான் மதிக்கிற பல பேர் அதை ஷேர் பண்ணியிருந்தாங்க. அது சொந்தக் காரா, முதலாளி காரா, பக்கத்து வீட்டுக்காரர் உதவிக்கு வந்தாரான்னு கேட்க ஒருத்தருக்கும் தோணல.

சரி, சொந்தக் கார்னே வச்சுக்குவோம். வாங்கிட்டுப் போகட்டும். எல்லாருக்கும் கொடுக்கிறதாலதான் இல்லாதவங்களுக்குப் போய்ச் சேருது. இந்தப் பதிவே இதைச் சொல்லத்தான்.

"தகுதி உள்ளவங்களுக்கு மட்டும் கொடுங்க." கேட்க நியாயமாத்தான் இருக்கு. நாடு அதையும் செஞ்சு பார்த்தாச்சுங்க. 1997ல வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலேன்னு கார்டைப் பிரிச்சாங்க. 2005ல திட்டக்குழுவோட அறிக்கையே சொன்னது, மானிய தானியத்துல 58 சதவீதம் ஏழைக் குடும்பத்துக்குப் போய்ச் சேரலைன்னு. ஆளைப் பொறுக்கினதுல தப்பு, வழியில திருட்டு. தமிழ்நாடு அந்தப் பிரிவினைக்குள்ள போகல. 2013ல தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்பவும் முரண்டு பிடிச்சு 2016 நவம்பர்லதான் சேர்ந்தோம். சேர்ந்த பிறகும் அரிசி கார்டு வச்சிருக்கிற எல்லாருக்கும் அரிசின்னுதான் வச்சுக்கிட்டோம். அந்தச் சட்டத்துக்குள்ள வராத, அதாவது முன்னுரிமை இல்லாத கார்டுக்கான செலவை மாநிலம் ஏத்துக்குது.

அந்தச் சட்டம் என்ன சொல்லுது? நாடு முழுக்கப் பார்த்தா கிராமத்துல 75 சதவீதம், நகரத்துல 50 சதவீதம் பேருக்கு வரைக்கும் மானிய தானியம். கணக்கு 2011 மக்கள்தொகையை வச்சு. 2021ல எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருஷம் நடக்கவே இல்ல. அப்போ 2011க்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு வயிறு இல்லையா? இப்படி 10 கோடிப் பேருக்கு மேல விட்டுப்போயிருக்காங்கன்னு பொருளாதார அறிஞர்கள் ழான் த்ரேஸும் ரீத்திகா கேராவும் 2020லயே கணக்குப் போட்டுச் சொன்னாங்க. லிஸ்ட்ல உள்ள பெரும்பாலானவங்களுக்கும் தலைக்கு மாசம் 5 கிலோதான். ஒரு நாளைக்கு 170 கிராம்கூட வராது. இதுல யார் ஏமாத்துறான்னு கேமராவைத் தூக்கிட்டு அலையறோம்.

எங்க தெருவுல ஒரு ஆயா இருக்காங்க. வாழ்க்கை முழுக்கப் பாத்திரம் தேய்ச்ச கை. மெஷின்ல விரலை வச்சா ரேகை விழாது. கடைக்காரர் "தலையில தேய்ச்சுட்டு வை ஆயா"ன்னு சொல்வார். தலை எண்ணெயில தேய்ச்சு, புடவையில துடைச்சு, திரும்ப வைப்பாங்க. அப்பவும் சிவப்பு லைட்டுதான். பின்னாடி வரிசை முணுமுணுக்கும். தான் யாருன்னு மட்டும் நிரூபிச்சா இந்த ஊர்ல அவங்களுக்குப் போதும். "நான் ஏழை"ன்னும் நிரூபிக்கணும்னு வச்சா, அந்த ஆயா எந்த ஆபீஸ்ல, யார்கிட்ட போய் நிப்பாங்க? 2017ல ஜார்க்கண்ட்ல, சிம்டேகா மாவட்டத்துல, ஆதார் இணைக்கலைன்னு கார்டு ரத்தான வீட்டுல 11 வயசுப் பொண்ணு செத்துப்போச்சு. மலேரியான்னு அரசு சொன்னுச்சு. சோறு சோறுன்னு கேட்டே செத்துப்போச்சுன்னு அம்மா சொன்னாங்க. பெயரை வெட்டுறது சுலபம். சேர்க்கச் சொல்லிப் பாருங்க.

இப்போ வருவாங்க, "என் வரிப்பணம்"னு. அந்த ஆயா வாங்குற சோப்புக்கும் ஜிஎஸ்டி உண்டு. அடுத்தவர். "அரிசி கேரளாவுக்குக் கடத்துறாங்களே?" கடத்துறாங்க. கடத்துறவனைப் பிடிங்க. அதுக்கு ஏன் கார்டைப் புடுங்கணும்? "இலவசம் சோம்பேறியாக்குது"ன்னு சொல்றவங்களுக்குப் பதில் கிடையாது. 20 கிலோவைத் தூக்கிட்டு வெயில்ல நடந்து பாருங்க, போதும். வேண்டாங்கிறவங்களுக்கு சர்க்கரை கார்டு இருக்கு, எந்தப் பொருளும் வேண்டாங்கிற கார்டும் இருக்கு. தாராளமா மாத்திக்கலாம். கௌரவமா ஷேர் பண்ணின எத்தனை பேர் மாத்தியிருக்கீங்க? உங்க வீட்டு இட்லி எந்தப் புழுங்கலரிசியிலன்னு உங்க வீட்டம்மாகிட்டக் கேட்டுட்டு வாங்க.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் மதிக்கிறேன். "அரிசியாவே கொடுத்துட்டிருந்தா சத்து எங்கிருந்து வரும்?" உண்மை. தேசிய குடும்பநல ஆய்வுல, 2019-21ல, தமிழ்நாட்டுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அஞ்சு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைங்கள்ல நாலுல ஒண்ணு வயசுக்கேத்த உயரம் இல்ல. வயிறு நிறைஞ்சது, உடம்பு தேறலை. ஆனா அதுக்கு வழி கூடக் கொடுக்கிறதுதானே? துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய்னு கொடுக்கிறது அதனாலதான். 2023ல தர்மபுரியிலயும் நீலகிரியிலயும் 2 கிலோ அரிசிக்குப் பதிலா கேழ்வரகு ஆரம்பிச்சாங்க. மத்த ஊருக்கும் வரட்டும். பருப்பு மாசாமாசம் ஒழுங்கா வரட்டும். எங்க கடையில "ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்க"தான் நிரந்தர போர்டு. அதை ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்களேன், நானும் ஷேர் பண்றேன்.

நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவ. 1989ல முட்டை வந்தப்போ ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. அந்த நாள்ல யாரும் லீவு போட மாட்டோம். தட்டை எடுத்துட்டு வரிசைக்குப் போறப்போ, வீட்டுச் சாப்பாடு கொண்டு வர்ற பிள்ளைங்க டிபன் பாக்ஸ் மூடியால மறைச்சுக்கிட்டு எங்களைப் பார்ப்பாங்க. "தட்டு கேஸு"ன்னு எங்களுக்குப் பேரு. ஒரு டீச்சரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, சிரிச்சுக்கிட்டே. இப்போ அந்த ஃபோட்டோ மேல அதே சிரிப்பைப் பார்க்கிறேன். ஏழைக்கு மட்டும்னு ஆக்கிட்டா, வரிசையில நிக்கிற ஒவ்வொருத்தரும் தட்டு கேஸுதான். காரும் ஸ்கூட்டரும் அந்த வரிசையில நிக்கிற வரைக்கும்தான் அந்த அரிசியில புழு இருந்தா சத்தம் போட ஆள் இருக்கும்.

மிகைப்படுத்துறேன்னு சொல்லுங்க. "மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க"ன்னும் சொல்லுங்க, பழகிடுச்சு.

"உங்ககிட்ட என்ன கார்டு?"ன்னு இன்பாக்ஸ்ல கேட்டவருக்கு: அரிசி கார்டு. வீட்டுல காரும் இருக்கு. மாசாமாசம் வாங்குறேன், வாங்குவேன்.