விடிந்ததும் குப்பையைக் கொளுத்துகிற புண்ணியவான்களுக்கு

வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வராமல் இல்லை. வாசலில் நின்று விசில் ஊதி வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆனாலும் சிலருக்குச் சருகோடு பால் கவர், பிய்ந்த செருப்பு, டயப்பர் எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்துத் தீக்குச்சி உரசினால்தான் காலைக் காபி இறங்கும் போலிருக்கிறது.

இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது முடியவில்லை. எங்கள் நாய் மணிக்கு நிமோனியா. பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டான், ஆனால் நுரையீரல் இன்னும் தேறவில்லை. மாத்திரை வாரக்கணக்கில் ஓடும். காலையும் மாலையும் நெபுலைசரில் சலைன் விட்டு மூக்கருகே பிடிக்க வேண்டும். முடிந்த கையோடு உள்ளங்கையைக் குழித்து, விலாவில் பின்னாலிருந்து முன்னால் லேசாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். ஒட்டியிருக்கிற சளி இளகி இருமுவான். அந்த இருமல் நல்லது, அதை அடக்க சிரப் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணவும் வேண்டும், நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நிம்மதி. ராத்திரி 25-இல் இருந்தவன், விடிந்து இந்தப் புகை உள்ளே வந்ததும் 40-ஐத் தாண்டுகிறான். படுக்க முடியாது. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறுகிறான்.

போய்க் கேட்டால், "நாய்க்குப் போயி இம்புட்டு அலப்பறையா?" என்கிறார்கள். ஏங்க, புகை என்ன ஆள் பார்த்தா உள்ளே போகுது? அதே சந்தில் இன்ஹேலரும் கையுமாக ஒரு பெரியவர் இருக்கிறாரே, அவர் எந்தக் கணக்கு?

"ஜன்னலைச் சாத்திக்கங்க" என்று ஒரு யோசனை. மதுரை வெயிலில், அதுவும் கரண்ட் போகிற நேரத்திலா? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்ளும். இரைக்கவே தெம்பில்லாததை அடைத்த அறைக்குள் போடச் சொல்கிறீர்களே!

கொளுத்துகிற கைதான் வைத்தியமும் சொல்கிறது. ஆடாதோடைக் கஷாயத்தைச் சங்கில் எடுத்து வாயைப் பிளந்து ஊற்ற வேண்டுமாம். அப்படி ஊற்றுவது புரையேறி நுரையீரலுக்குள் இறங்கினால், அதிலேயே நிமோனியா வரும் சாமி. இன்னொருவர் வீட்டில் மிச்சமிருந்த ஐபுபுரோஃபன் அட்டையை நீட்டினார். அது நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியையும் கெடுக்கும். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த மனசு தீப்பெட்டியைத் தொடும்போது எங்கே போகிறது?

தெருவில் குப்பையை எரிக்கக் கூடாது என்று 2016-லேயே திடக்கழிவு மேலாண்மை விதி போட்டாயிற்று. அதே வருடம் பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதம் என்றும் சொன்னது. இங்கே யார் கட்டினார்கள்? புகார் கொடுத்தால் ஆள் வருவதற்குள் சாம்பல் ஆறிவிடுகிறது. "நெருப்பு எங்கம்மா?" என்று என்னையே கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

சரி, கடைசியாக ஒன்று. வண்டி வரை நடக்கச் சோம்பல் என்றால், ஒரு பையில் கட்டி உங்கள் வாசலில் வையுங்கள். நானே எடுத்துக்கொண்டு போய்ப் போடுகிறேன். டயப்பர் உட்பட.