வெல்ஷ் மொழியும் ஒரு வரி நோட்டீஸும்

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் சொந்த மொழி வெல்ஷ். அது பிழைத்தது எதனால் என்று கேட்டால், பலரும் 1588-இல் வில்லியம் மார்கன் மொழிபெயர்த்த பைபிளைச் சொல்வார்கள். சரிதான். வேல்ஸ் கோர்ட்டுகளில் ஆங்கிலம் மட்டுமே, அது தெரியாதவருக்கு அரசுப் பதவி இல்லை என்று 1536-லேயே சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகும் அந்த மொழி எழுத்தில் நிலைத்தது பைபிளால்தான். ஆனால் என் ஓட்டு ஒரு வரி நோட்டீஸுக்கு.

1952. தெற்கு வேல்ஸில் லான்கெனெக் என்ற ஊர். சுரங்கத் தொழிலாளி ட்ரெவர் பீஸ்லியும் அவர் மனைவி ஐலீனும், உள்ளூர் கவுன்சில் அனுப்பும் வரி நோட்டீஸ் வெல்ஷில் வந்தால்தான் கட்டுவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கோர்ட், அபராதம், மறுபடி கோர்ட். ஜப்திக்கு வந்தவர்கள் மேஜை நாற்காலியோடு பியானோவையும் தூக்கிப்போனார்கள். இப்படியே எட்டு வருஷம்.

இதில் கூத்து என்னவென்றால், அந்தப் பகுதியில் பத்துக்கு ஒன்பது பேர் வெல்ஷ் பேசுகிறவர்கள். கவுன்சிலர்களும் அதிகாரிகளும்கூட அப்படித்தான்! லண்டனிலிருந்து யாரும் வந்து தடுக்கவில்லை. ஆபீஸுக்கு நம் மொழி ஆகாது என்று அவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? 19-ஆம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து யார் வாயில் வெல்ஷ் வந்ததோ அவர் கழுத்துக்கு அது மாறும். பள்ளி விடும்போது அதைப் போட்டிருக்கும் பிள்ளைக்கு அடி. கூடப் படிக்கிறவனைக் காட்டிக்கொடுக்கப் பழக்கும் ஏற்பாடு அது.

1960-இல் இருமொழி நோட்டீஸ் வந்தது. 1962-இல் வெல்ஷ் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் தன் வானொலி உரையில் இந்தத் தம்பதியைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார். அதே வருஷம் இளைஞர்கள் மொழிச் சங்கம் தொடங்கினார்கள். ஆங்கிலப் பெயர்ப்பலகைகளில் பெயின்ட் அடித்தார்கள், சிறைக்கும் போனார்கள். 1982-இல் வெல்ஷ் டிவி சேனல், 2011-இல் மொழிக்கு அதிகாரபூர்வ அந்தஸ்து எல்லாம் அப்புறம் வந்தவை.

இன்றைக்கு? 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8%, ஏறக்குறைய 5,38,000 பேர். 2011-இல் 5,62,000. பள்ளிகளில் கட்டாயப் பாடமாக இருந்தும் குறைந்திருக்கிறது. வேல்ஸ் அரசோ 2050-க்குள் பத்து லட்சம் பேர் என்கிறது. பள்ளிக்கூடத்தை மட்டும் நம்பினால் இது நடக்காது என்பது என் கருத்து. வடமேற்கு வேல்ஸில் 64% பேர் வெல்ஷ் பேசும் குவினெத் பகுதியில், வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்க வீடு வாங்கிப் போடுவதால், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வீடு எட்டாத விலைக்குப் போகிறது. அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டால் கடையில், பஸ்ஸில் அந்த மொழியை யார் பேசுவது? 2023-இல் இத்தகைய வீடுகளுக்குக் குவினெத் கவுன்சில் வழக்கமான வரிக்கு மேல் 150% கூடுதலாகப் போட்டது. எனக்கு அதுவும் போதாதென்றே தோன்றுகிறது. இரண்டாவது வீடு வாங்க வசதி உள்ளவர்களில் பலர் அதையும் கட்டிவிட்டுப் போவார்கள்.