மீன் இல்லாத தண்ணீரிலும் மீனுக்குப் பயம்

பள்ளிப் புத்தகத்து உணவுச்சங்கிலிப் படத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு மனக்குறை. பாசியிலிருந்து ஒரு அம்பு தண்ணீரில் நீந்தும் பொடி உயிரான டாஃப்னியாவுக்கு, அங்கிருந்து இன்னொன்று மீனுக்கு. தின்றவை, தின்னப்பட்டவை, அவ்வளவுதான். வாய்க்குத் தப்பியவை என்ன ஆகின்றன என்ற பேச்சே கிடையாது.

வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு டாஃப்னியாவைத் தெரியும். மீன்குஞ்சுகளுக்கு உயிருணவாகப் போடுவது. கண்ணாடி மாதிரி உடம்பு. நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பது தெரியும், முதுகுப் பையில் எத்தனை முட்டை என்றுகூட எண்ணிவிடலாம்.

மீன் கிடந்த தண்ணீரை மட்டும், மீனே இல்லாமல், டாஃப்னியாவின் குடுவையில் ஊற்றினால் வாழ்க்கைக் கணக்கே மாறுகிறது. சின்ன உடம்பிலேயே சீக்கிரம் பருவத்துக்கு வந்துவிடும். முட்டைகளும் பொடிசாக, நிறைய. மீன் கண்ணால் பார்த்துப் பிடிப்பது. பெருத்த உடம்புதான் முதலில் மாட்டும். உடம்பு பெருத்துவிடும் முன்னே பெற்றுவிட வேண்டும்.

கயோபோரஸ் என்ற பூச்சியின் லார்வா வாசனை வந்தால் கதை தலைகீழ். அதன் வாய் சின்னது, குட்டிகளைத்தான் பிடிக்கும். அப்போது டாஃப்னியா பியூலெக்ஸ் என்ற வகையின் குட்டிகளுக்குப் பிடரியில் முள் போலச் சிறு பற்கள் முளைக்கின்றன. முதல் முட்டையும் தள்ளிப்போகிறது. முதலில் வளர்த்தி, பிறகுதான் பிள்ளைப்பேறு. மரபணு அதேதான், தண்ணீர்தான் வேறு.

இந்த வாசனைப் பொருளுக்குக் கெய்ரோமோன் என்று பெயர். டாஃப்னியாவைப் பகலில் ஆழத்துக்கு இறங்கவைக்கும் கெண்டை இன மீன் வாசனை, பித்தநீரிலுள்ள சிப்ரினால் சல்ஃபேட் என்று 2019இல் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு செரிக்க மீனுக்கு அது வேண்டும், ஆகவே வாசனையை நிறுத்தவும் வழியில்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

'சின்ன உயிருக்கு எவ்வளவு புத்தி பாருங்கள்' என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரும் கிளம்பிவிட வேண்டாம். இதில் புத்தியுமில்லை, எதுவும் இலவசமுமில்லை. மீனுக்குப் பயந்து பகலெல்லாம் ஆழத்துக்கு இறங்கினால் அங்கே குளிர், இரை குறைவு, வளர்ச்சியும் மெதுவாகிறது. அந்த நேரத்தில் மேல்நீரில் பாசியை மேய்வதும் குறைகிறது. ஒன்றைக்கூடத் தின்னாமலே மீன் குளத்தை மாற்றிவிடுகிறது.

பாடத்தில் ஒரு பத்தி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? பெரிய ஆய்வகம்கூட வேண்டாம். ஒரே தாயின் குட்டிகளை இரண்டு பாட்டில்களில் பிரித்துவிட்டு, ஒன்றில் மட்டும் மீன்தொட்டித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தீனி. எந்த பாட்டிலில் முதலில் முட்டை தெரிகிறது, அப்போது உடம்பு எவ்வளவு பெரிது என்று பிள்ளைகளையே தினமும் லென்ஸில் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.