லேத் இருந்த இடத்தில் கணினிகள்

போன மாதம் எங்கள் பொறியியல் கல்லூரி ஒர்க் ஷாப்பிலிருந்து, இரும்பைக் கடையும் நான்கு லேத் இயந்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். பதினேழு ஆண்டுகளாக நான் நின்று பாடம் நடத்திய இடம் அது. அங்கே இனி அறுபது கணினிகள் வரப்போகின்றன, செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்காக. மெக்கானிக்கல் படித்த என்னையும் ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பி, அந்தப் பிரிவுக்கே பாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மனது ஆறவில்லை, எழுதுகிறேன்.

படிப்பை வேலையோடு முடிச்சுப் போடக் கூடாது என்று பேசுகிறவன் அல்ல நான். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி 1794இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதே, கம்பெனி ஆட்சிக்கு நிலம் அளக்க ஆள் தேவைப்பட்டதால்தான். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய வீட்டுப் பிள்ளையிடம் போய், அறிவுக்காக மட்டும் படி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எந்தக் காலத்து வேலைக்கு அந்தப் பிள்ளையைத் தயார் செய்கிறோம்? இந்த ஆண்டு கலந்தாய்வில் சேருகிறவர் நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் வேலை தேடுவார். நாமோ இன்றைய கூட்டத்தைப் பார்த்து இடங்களைக் கூட்டுகிறோம். நன்றாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு, ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024-25இல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய அமைப்பான ஏஐசிடிஇ நீக்கியது. கணினிப் பிரிவுகள் பெருத்தன. சிவிலும் மெக்கானிக்கலும் பல கல்லூரிகளில் இளைத்துவிட்டன. சாதாரண நிரல்களைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தரத் தொடங்கிவிட்ட காலத்தில், ஆறு வாரம் படித்த நான் அந்தப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பேன் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், கணினிக் கட்டளைப்படி உலோகத்தைச் சீவும் சிஎன்சி இயந்திரத்துக்கு நிரல் எழுதினான். ஓர் இடத்தில் ஜி01 என்பதற்குப் பதில் ஜி00 என்று போட்டிருந்தான். முன்னது மெதுவாகச் சீவும் கட்டளை, பின்னது வேகமாக நகரும் கட்டளை. கணினித் திரையில், சீவும் கருவியான டூலின் பாதை சரியாகவே தெரிந்தது. இயந்திரத்தில் ஓட்டியபோது டூல் பாய்ந்து வந்து, சீவ வேண்டிய இரும்பு உருளையில் மோதி முனை உடைந்தது. "திரையில் சரியாகத்தானே இருந்தது சார்" என்றான், முகம் வெளுத்துப்போய். பழைய லேத்துக்கு அழைத்துப் போய்க் கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். இரும்பு எவ்வளவு எதிர்க்கிறது என்று கை உணர்ந்த பிறகு, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை பார்த்துத்தான் எழுதினான். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான்.

நிரல் தெரிய வேண்டும், இரும்பும் தெரிய வேண்டும். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், 2025இல் மின்சாரக் கார் ஆலை திறந்த தூத்துக்குடி என்று எங்கு போனாலும் இரண்டும் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள். 2022இல் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகளை நான் மனதார வரவேற்கிறேன், என் மாணவர்கள் பலன் பெற்றிருக்கிறார்கள். அடிப்படை இருக்கிறவருக்கு அவை சிறகு. கணிதத்தையும் இயக்கவியலையும் பாடத்திட்டத்தில் சுருக்கிவிட்டு, அந்த இடத்தில் இந்த ஆண்டின் மென்பொருளை வைத்தால், அந்த மென்பொருள் மாறும் நாளில் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

கலந்தாய்வு நேரத்தில் பெற்றோர் பலர் என்னிடம் பிளேஸ்மென்ட் சதவீதம் கேட்கிறார்கள். தவறில்லை, கேளுங்கள். கூடவே ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இயந்திரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, தூசு படிந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பாடம் எடுப்பவர் எதைப் படித்தவர் என்று கேளுங்கள். என் கல்லூரிக்கே வந்தாலும் கேளுங்கள், மறைக்காமல் சொல்கிறேன்.