கோட்டைவிட்டவரிடமே பந்தைக் கொடுங்கள்

2022 செப்டம்பர் 4, துபாய். ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானின் ஆசிஃப் அலி கொடுத்த சுலபமான கேட்சை அர்ஷ்தீப் சிங் கோட்டைவிட்டார். அன்றைக்கு அவர்மீது கொட்டப்பட்ட வசவுகளை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. 23 வயதுப் பையன். அவருடைய நாட்டுப்பற்றையே சந்தேகப்பட்டார்கள். விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய பக்கத்தில்கூடக் கண்டதையும் எழுதிவைத்தார்கள்.

அந்தக் கேட்சைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேராவது அதே ஆட்டத்தின் கடைசி ஓவரைப் பற்றிப் பேசியிருக்கலாம். பாகிஸ்தானுக்கு 7 ரன் போதும். கேப்டன் ரோஹித் சர்மா பந்தை அர்ஷ்தீப்பிடம்தான் கொடுத்தார். அந்த ஓவரில் அதே ஆசிஃப் அலியை எல்பிடபிள்யூ ஆக்கி, ஆட்டத்தை ஐந்தாவது பந்துவரை இழுத்தார் அவர். இந்தியா தோற்றது. இரண்டு நாள் கழித்து இலங்கைக்கு எதிராகவும் கடைசி ஓவர், மறுபடியும் 7 ரன், மறுபடியும் அர்ஷ்தீப். அதிலும் தோல்விதான். ஆனால் அக்டோபரில் மெல்போர்னில், டி20 உலகக் கோப்பையில் மறுபடியும் பாகிஸ்தான். அர்ஷ்தீப் வீசிய முதல் பந்திலேயே பாபர் ஆசம் அவுட். அப்புறம் ரிஸ்வான். அப்புறம், ஆமாம், ஆசிஃப் அலியும்!

இதை வெறும் மனவலிமை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மனவலிமை முக்கியம்தான். ஆனால் தடுமாறியவரை உடனே அதே பொறுப்பில் நிறுத்த இன்னொருவருக்குத் துணிச்சல் வேண்டும். துபாய் ஆட்டம் முடிந்ததும் விராட் கோலி பேசியதும் அந்த வகைதான். தன் முதல் சாம்பியன்ஸ் கோப்பையில் பாகிஸ்தானின் ஷாஹித் அஃப்ரிடி பந்தில் மோசமான ஷாட் ஆடி அவுட்டான பிறகு, விடிகாலை 5 மணிவரை தூங்காமல் கூரையைப் பார்த்துக் கிடந்ததாகச் சொன்னார். பெரிய ஆட்டக்காரர் இப்படி வெளிப்படையாகப் பேசும்போது, இளையவருக்கு ஏற்பட்ட அவமானம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

கால்பந்திலும் இதேதான். 1994 உலகக் கோப்பையில் இத்தாலியை இறுதிவரை தூக்கிச் சென்றவர் ராபர்ட்டோ பாஜியோ, நாக் அவுட் ஆட்டங்களில் மட்டும் 5 கோல். இருந்தும் உலகம் நினைவில் வைத்திருப்பது, இறுதி ஆட்டத்தில் கம்பத்துக்கு மேலே பறந்துபோன அந்த ஒரு பெனால்டியைத்தான். 1998இல் சிலிக்கு எதிராக, தோற்கும் நிலையில் ஒரு பெனால்டி கிடைத்தது. பாஜியோவே போய் நின்று அடித்தார். கோல்! இங்கிலாந்தின் புகாயோ சாகாவும் அப்படியே: 19 வயதில் யூரோ என்கிற ஐரோப்பியக் கோப்பையின் இறுதியில் பெனால்டியை விட்டு, இனவெறி ஏச்சுகளைத் தாங்கி, 2024 யூரோ காலிறுதியில் சமன் கோலும் அடித்து ஷூட் அவுட்டிலும் அடித்தார்.

பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர்களே, கேட்சை விட்ட பையனை அடுத்த ஆட்டத்தில் பந்தே வராத மூலையில் ஒளித்துவைக்காதீர்கள். அவன் நல்லதுக்கு என்று நினைத்துச் செய்கிறீர்கள், ஆனால் 'உன்மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை' என்றுதான் அவன் காதில் விழும். அழுதால் அழட்டும். மறுநாள் பயிற்சியில் அதே மாதிரிக் கேட்ச்களை நிறையக் கொடுங்கள். ஆட்டத்தில் அதே இடத்தில் நிறுத்துங்கள். மறுபடியும் விட்டால்? மறுபடியும் அங்கேயே நிறுத்துங்கள்.