முகக்கவசம் சரி, விசில்?

பள்ளி ஹாக்கியில் பெனால்டி கார்னரை (தடுக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) தடுப்பவர்களுக்கு முகக்கவசம் கட்டாயமாக வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. வேண்டியதுதான். ஆனால் இருக்கிற விதிக்கே நடுவர்கள் ஒழுங்காக விசில் ஊதுவதில்லையே!

முதல் ஷாட் ஹிட்டாக (ஸ்டிக்கை வீசி அடிப்பது) இருந்தால் கோல் கோட்டைத் தாண்டும்போது பந்து 460 மி.மீ.க்கு மேல் எழக் கூடாது. கோலின் அடியில் இருக்கும் பலகையின் உயரம் அது. ஃபிளிக்குக்கு (பந்தை ஸ்டிக்கால் தள்ளி மேலே எழுப்புவது) இந்த வரம்பு இல்லை, அபாயமே அங்கேதான். 5 மீட்டருக்குள், இயல்பான நிலையில் இருக்கும் தடுப்பாளருக்கு முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் தடுக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட். கீழே பட்டால் மறுபடி கார்னர். மேலே பட்டும் கார்னர் கொடுத்தால், உடம்பைக் குறிவைத்து ஃபிளிக் செய்வது லாபம் என்று பையன்கள் கற்றுக்கொள்வார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஸ்டிக்கால் பந்தை ஆட முயலாமல் ஷாட்டுக்குள் நேராகப் பாய்கிற ரன்னர்மீதும் (கோல் கோட்டிலிருந்து ஓடி வரும் தடுப்பாளர்) அபாய ஆட்டம் ஊத வேண்டும். திரும்பச் செய்தால் வாய்வார்த்தை போதாது: பச்சை அட்டை, 2 நிமிடம் வெளியே. அதற்கும் அடங்காவிட்டால் மஞ்சள், குறைந்தது 5 நிமிடம்.