ஆச்சிமார் ஆட்டம்தான், வந்து ஜெயிச்சுக் காட்டு தம்பி

எனக்குப் பிடிச்ச ழான் தார்க்ங்கிற பழைய வீடியோ கேமைக் கேலி பண்ணி ஒரு தம்பி போட்ட வீடியோவை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. பாதிப் பேர் எனக்கே அனுப்பி வச்சு, "அக்கா, உங்க கேமைக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டான்"னு சிரிப்புப் பொம்மை வேற போட்டிருந்தீங்க. ரொம்ப நன்றி. முழுசாப் பார்த்தேன். ழான் தார்க் "படு ஸ்லோ"வாம். "லெவலை ஏத்தினாப் போதும், மூளையே தேவையில்லை"யாம். கடைசியா உதிர்த்த முத்து: "நம்ம காரைக்குடிப் பக்கம் ஆச்சிமார் திண்ணையில உக்காந்து ஆடுற மாதிரி இருக்கு."

அதே வீடியோவுல திரையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. எதிரி அடிக்கிறான், தம்பியோட ஆளுக்கு எச்.பி., அதாவது உயிர்க்கணக்கு, குறையவே மாட்டேங்குது. சீட் போட்டாச்சு, அதாவது கேமை ஏமாத்துற குறுக்கு வழி. பழைய கேமைப் போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஓட்டுற எமுலேட்டர்ல வேகத்தையும் கூட்டி ஓட விட்டாச்சு. அதுக்கப்புறம் மூளை தேவையில்லைன்னா, ஆமா சாமி, தேவையில்லைதான்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. லெவல்-5ங்கிற ஜப்பான் கம்பெனி, சோனியோட கையடக்கக் கேம் மெஷின் பி.எஸ்.பி.க்காகச் செஞ்ச கேம். ஜப்பான்ல 2006, அமெரிக்காவுல 2007. இங்கிலாந்தும் பிரான்சும் மோதின நூறாண்டுப் போர், அதுல பிரான்ஸ் பக்கம் நின்ன ஜோன் ஆஃப் ஆர்க் (பிரெஞ்சுல ழான் தார்க், அவதான் நாயகி), கூடவே பேய் பிசாசு, ஆளை உருமாத்துற மந்திரக் காப்பு. கட்டம் போட்ட களம். நம்ம ஆளுங்க எல்லாரும் நகர்ந்து அடிச்சு முடிச்சதும் எதிரியோட முறை. அவ்வளவுதான் வெளித்தோற்றம்.

உள்ள இருக்கிறது ஒரே விஷயம். எங்க நிக்கிறோம்ங்கிறதுதான் ஆட்டம். லெவல் இல்ல, கத்தி இல்ல, நிக்கிற இடம்.

எப்படின்னு சொல்றேன். ஒரு எதிரியை நீங்க மேற்கே நின்னு அடிச்சா, அவனுக்கு நேர் பின்னால, கிழக்குக் கட்டத்துல ஒரு தீச்சுடர் எழும். பர்னிங் ஆரான்னு பேரு. அடுத்த ஆள் அந்தக் கட்டத்துல போய் நின்னு அடிச்சா அடி பலமா விழும். அதனால வலுவில்லாத ஆளை முதல்ல அனுப்பணும், வலுவான ஆளைச் சுடர்க் கட்டத்துக்கு வச்சுக்கணும். நிறையப் பேர் நேர்மாறாப் பண்றாங்க, பெரிய கையை முதல்ல இறக்கிட்டு, மிச்சத்தைச் சின்னப் பயலை விட்டு அடிக்கச் சொல்றது. அப்புறம் அந்தப் பின்கட்டத்துல சுவரோ இன்னொரு எதிரியோ இருந்தா அங்க ஒருத்தரும் போய் நிக்க முடியாது, சுடர் வீண். ஆக, எந்தப் பக்கத்துலேருந்து முதல் அடின்னு நகர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாகணும்.

சரி, எல்லாரும் ஓடிப்போய்ச் சுடர்ல நின்னுடலாமேன்னா, அங்கதான் இடிக்கும். நம்ம ஆளுங்க ஒட்டி ஒட்டி நின்னா தற்காப்பு கூடும், அதுக்கு யூனிஃபைடு கார்டுன்னு பேரு. சுடரைப் பிடிக்க ஒருத்தன் எதிரிக்கு அந்தப் பக்கம் போனா கூட்டம் பிரிஞ்சிடும். அடிக்கணும்னா பிரியணும், பிழைக்கணும்னா சேரணும். பத்திரமா மூலையில ஒண்டிக்கிட்டே இருக்கலாம்னு பார்த்தா இத்தனை டர்னுக்குள்ள, அதாவது இத்தனை முறைக்குள்ள, முடிக்கணும்னு கெடு வச்சிருக்கான். இந்த மூணும் ஒன்னோட ஒன்னு மல்லுக்கட்டுறதுதான் கேமே. எச்.பி. குறையாத சீட் போட்டா இதுல எதுவும் கண்ணுக்குத் தெரியாது தம்பி.

இப்ப ஆச்சிமாருக்கு வரேன். அந்த வார்த்தைதான் சுருக்குன்னு தச்சுது.

ஆடுபுலி ஆட்டம் நீ ஆடியிருக்கியா? 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. நாட்டரசன்கோட்டையில எங்க சொந்தத்துல ஒரு ஆச்சி, தரையில சாக்பீஸால கோடு போட்டு, ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்கு உடைஞ்ச ஆத்தங்குடிக் கல் துண்டு மூணு வச்சு ஆடுவாக. ஆட்டைத் தாண்டிப் புலி குதிக்கணும்னா ஆட்டுக்குப் பின்புள்ளி காலியா இருக்கணும். ஆச்சி அதைக் காலியா விடவே மாட்டாக. ஒவ்வொரு கொட்டைக்குப் பின்னாடியும் இன்னொரு கொட்டை, இல்ல பலகையோட ஓரம். லீவுக்கு வந்த இஞ்சினியரிங் பயலுக புலியைக் கையில வச்சுக்கிட்டு, நகர வழியில்லாம முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானுக. ஆச்சி பாட்டுக்கு வெத்தலை மடிச்சுக்கிட்டு இருப்பாக. எதிராளிக்குப் பின்னால இருக்கிற கட்டம் யார் கையிலங்கிற அதே கணக்கு. அதனால "ஆச்சிமார் ஆட்டம்"னு நீ சொன்னதை நான் மறுக்கல. ஆச்சி முன்னால வந்து உக்காரு, அப்புறம் பேசுவோம்.

"லெவல் ஏத்தினா ஈசிதானே"ன்னு கமென்ட்ல வருவீங்க. பழைய களத்துக்குப் போய்த் திரும்பத் திரும்ப அடிச்சா லெவல் ஏறும், இல்லேங்கல. அதை யார் பண்ணச் சொன்னா? ஒழுங்கா நின்னா அதுக்குத் தேவையே வராது. காப்பு இருக்கே, அதையே எடுத்துக்கங்க. காப்பால ழான் உருமாறினதும், ஒரு எதிரியை வீழ்த்தினா அதே முறையில திரும்பவும் நகர்ந்து அடிக்கலாம். அதுக்குக் காட்ஸ்பீடுன்னு பேரு. புதுசா ஆடுறவங்க முதல் டர்ன்லயே உருமாறிடுவாங்க. உருமாற்றம் சில டர்ன்தான் நிக்கும், எதிரி பக்கத்துல வர்றதுக்குள்ள பாதி தீர்ந்துடும். பொறுக்கணும். மத்தவங்களை விட்டு நாலு எதிரியையும் பாதி உயிராக்கி, பக்கத்துப் பக்கத்துல இருக்கும்போது உருமாறி, ஒவ்வொருத்தனா முடிச்சுக்கிட்டே போகணும். ஒருத்தன் துளி எச்.பி.யோட தப்பிச்சா சங்கிலி அங்கேயே அறுந்துடும், ழான் நடுக்கூட்டத்துல தனியா நிப்பா. அவ விழுந்தா ஆட்டம் போச்சு. திரும்பவும் அதேதான், எங்க நிக்கிறோம்.

"கிராஃபிக்ஸ் பழசு." ஆமா, பழசு. அடுத்து.

"வரலாற்றைக் கெடுக்குறாங்க." இதை வீடியோக்குக் கீழ எழுதினவர் படிச்சவர், அதனால பதில் சொல்றேன். 1429 மே மாசம் பிரான்ஸ்ல ஓர்லியான் நகரத்தோட முற்றுகை விலகுது, ஜூலையில ரான்ஸ் நகரத்துல பிரெஞ்சு ராஜா ஏழாம் சார்லசுக்கு முடிசூட்டு விழா, 1431 மே 30 ரூவான் நகரத்துல ழானை எரிக்கிறாங்க. கதையோட முதுகெலும்பு இதுதான். ஆறாம் ஹென்றி 9 மாசக் குழந்தையா இருக்கும்போதே இங்கிலாந்து ராஜா. பிள்ளை பேருல சித்தப்பன் பெட்ஃபோர்டு கோமகன் பிரான்ஸ்ல ஆட்சியையும் போரையும் நடத்தினது நிஜம். கேம் அந்தப் பிள்ளைக்குள்ள ஒரு அசுரனைக் குடி வைக்குது. லா இர் நிஜமான பிரெஞ்சுத் தளபதி, கேம்ல சிங்கமுகத்தோட வரான். ரூவான் விஷயத்துலயும் கேம் கை வைக்குது, இனிமே ஆடப்போறவங்களுக்காக அதைச் சொல்லல. வில்லன் வழக்கமான அசுரன்தான், இங்கிலீஷ் குரல்கள்ல அந்தப் போலி பிரெஞ்சு உச்சரிப்பு காதுல ஈயம்தான், ஒத்துக்கறேன். ஆனா கெடுக்கிறதுங்கிறீங்களே?

நம்ம ஊர்ல சண்டையில செத்தவனுக்கு அருவா நட்டு, கருப்பர்னு கும்பிட்டு, கிடா வெட்டுறோம். அது வரலாற்றைக் கெடுக்கிறதா? 1772ல காளையார்கோவில்ல புருசனைப் பறிகொடுத்த வேலு நாச்சியார், விருப்பாச்சியில தங்கி, ஹைதர் அலி உதவியோட 1780ல சிவகங்கையை மீட்டாக. இங்கேருந்து பஸ்ல போற தூரம். அந்தக் காளையார்கோவில் காட்டைக் கட்டம் போட்ட களமா எவனாவது செஞ்சானா? செஞ்சா முதல் நாளே "எங்க ராணிக்கு எப்படி மந்திரக் காப்பு போடலாம்"னு நீங்கதான் கொடி பிடிப்பீங்க. ஜப்பான்காரன் பிரெஞ்சுக்காரப் பொண்ணைத் தூக்கித் தோள்ல வச்சு ஆடுறான். நாம திண்ணையில ஆடுற ஆட்டத்தையே கேலி பேசி லைக் வாங்குறோம். கோவம் வருதா வரலையா?

சரி விடுங்க. இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: போன்ல ஆடுறதா இருந்தா சீட் பக்கமே போகாதீங்க, ஒவ்வொரு அடிக்கும் சேவ் ஸ்டேட் போட்டு (அந்த நொடியை அப்படியே பதிஞ்சு வச்சு) திரும்பப் போறதும் அதே திருட்டுதான், களத்துக்கு வெளிய கேம் தர்ற சேவ் போதும். பழைய பி.எஸ்.பி. வாங்கினா காசு குடுக்கிறதுக்கு முன்னாடி பின்மூடியைக் கழட்டிப் பாருங்க. பேட்டரி உப்பியிருந்தா மூடி சரியா உக்காராது, அந்தப் பேட்டரியைத் திரும்பப் போடாதீங்க. இடதுபக்கக் குமிழ் தேஞ்சிருந்தா கவலை வேண்டாம், இந்தக் கேமுக்கு அம்புக்குறிப் பட்டன் போதும்.

தம்பி, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். சீட்டை எடுத்துட்டு ஓர்லியான் வரைக்கும் ஆடி, அதையும் ஒரு வீடியோவாப் போடு. நானே ஷேர் பண்றேன்.